கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: கடைக்காரருக்கு எது பொருந்தும்?

நமது வட்டாரத்து வணிகர்கள் கூடும் இடங்களில் ஒரு காலத்தில் விற்பனை வரி, எடைக்கல் முத்திரை, லைசென்ஸ் புதுப்பித்தல் என்றுதான் பேச்சு ஓடும். இப்போது டீ வரும் நேரத்தில் இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. "அண்ணாச்சி, உங்களுக்கு எந்த லென்ஸ் வச்சாங்க? எவ்வளவு ஆச்சு?" என்பதே அது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடை வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களில் கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும், நாள் குறித்திருப்பவர்களும், தள்ளிப் போடுபவர்களுமாகப் பெரும்பாலோர் ஏதாவது ஒரு வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தப் பேச்சில் நாம் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மல்டிபோகல் எனப்படும் பலகுவிய லென்ஸ் வைத்துக்கொண்ட இரண்டு வணிகர்களைக் கேட்டோம். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர், "கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டேன். பில்லும் படிக்கிறேன், ரோட்டுல போற பஸ் நம்பரும் தெரியுது" என்றார். தண்டையார்பேட்டையில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் இன்னொருவர், "லட்சத்துக்கு மேலே கொடுத்தேன். ராத்திரியிலே வண்டி ஓட்டப் பயமா இருக்கு" என்றார். இருவருக்கும் ஆபரேஷன் நன்றாகவே நடந்திருக்கிறது. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை இருவருமே கடைசி வரி வரை படித்துவிடுகிறார்கள். ஆனாலும் ஒருவருக்கு முழுத் திருப்தி, இன்னொருவருக்கு மனக்குறை. பணம் போட்ட இடத்தில் ஏன் இந்த வித்தியாசம் என்பது வியாபாரிகளாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

நமது கண்ணுக்குள் இயற்கையாக உள்ள லென்ஸ் இள நுங்கு போலத் தெளிவாக இருக்கும். வயதாக ஆக அது வடித்த கஞ்சி போல் மங்கிவிடுவதே கண்புரை. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். மருந்தால் கரையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைப்பது ஒன்றே வழி.

நமது தகப்பனார் காலத்தில் எடுப்பது மட்டும்தான் உண்டு, வைப்பது கிடையாது. ஆபரேஷன் ஆனவரைத் தலை அசையாமல் இருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்து நாள் கணக்கில் படுக்க வைப்பார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று கொடுப்பார்கள். அதில் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தெரியும். படி எங்கே, தரை எங்கே என்று தடுமாறுவார்கள். அப்படிக் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்ற யோசனை லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஹெரால்டு ரிட்லிக்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் போர் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்து உள்ளேயே தங்கிவிட்டன. சீழ் பிடிக்கும் என்று எதிர்பார்த்தால் கண் அவற்றைச் சும்மா விட்டுவிட்டது. அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29ஆம் தேதி ஒரு நோயாளிக்கு வைத்தார். சக டாக்டர்கள் பல வருடங்கள் அவரைக் குறைதான் சொன்னார்கள். பின்னாளில் உலகமே அந்த வழிக்கு வந்தது.

நம் நாட்டில் விலைதான் தடையாக இருந்தது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியது. வெளிநாட்டுச் சரக்கின் விலையில் சிறு பங்குக்கு லென்ஸ் கிடைத்தது. கூலித் தொழிலாளி கண்ணிலும் லென்ஸ் ஏறியது அதற்குப் பிறகுதான். உற்பத்தியாளர் விலையைக் குறைத்தால் சந்தை எவ்வளவு விரியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமது மளிகைத் தொழிலில்கூடக் கிடையாது.

ஒரு மூட்டையை மூன்றாகப் பிரிப்பது

சாதாரண லென்ஸ் ஒற்றைக் குவியம் கொண்டது. வழக்கமாகத் தூரப் பார்வைக்கு அளவெடுத்து வைப்பார்கள். தெருக்கோடி தெளிவாகத் தெரியும்; பேரேடு படிக்கக் கண்ணாடி வேண்டும். இளவயதில் நமது கண் லென்ஸ் தானே தடித்தும் மெலிந்தும் கிட்டத்தையும் தூரத்தையும் சமாளித்தது. செயற்கை லென்ஸுக்கு அந்த நெகிழ்வு கிடையாது.

இந்தக் குறைக்காக வந்ததே பலகுவிய லென்ஸ். அமெரிக்க அரசு இதில் ஒரு வகைக்கு முதன்முதலில் 1997இல் அனுமதி கொடுத்தது. தூரம், கிட்டம், நடுத்தூரம் என மூன்றையும் காட்டும் டிரைபோகல் லென்ஸுக்கு அங்கே 2019இல்தான் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் அதற்கு முன்பே வந்துவிட்டது. இப்போது சென்னையில் பெரும்பாலும் டிரைபோகல் லென்ஸைத்தான் 'மல்டிபோகல்' என்ற பெயரில் சொல்கிறார்கள்.

இது வேலை செய்யும் விதம் வியாபாரிக்கு எளிதில் விளங்கும். லென்ஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வளையங்கள் செதுக்கியிருக்கும். உள்ளே வரும் ஒளியை அவை பங்கு பிரிக்கும். ஏறக்குறைய பாதி தூரப் பார்வைக்குப் போகும். மீதியில் ஒன்றேகால் அடியில் வைத்துப் படிக்கும் எழுத்துக்கு ஒரு பங்கு, இரண்டு இரண்டரை அடித் தூரத்துக்கு ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எதற்கும் உதவாமல் சிதறிவிடும். ஒரு மூட்டையை மூன்று வாடிக்கைக்காரருக்குப் பிரித்துப் போடுவது போலத்தான். மூவருக்கும் சரக்கு கிடைக்கும், யாருக்கும் முழு மூட்டை கிடைக்காது. பிரிக்கும்போது தரையில் சிந்துவதும் உண்டு.

சிந்திய அந்த ஒளிதான் இரவில் தொல்லை கொடுக்கிறது. ஒரு விளக்கைப் பார்க்கும்போது ஒரு குவியத்தில் தெளிவான உருவமும், மற்றக் குவியங்களின் மங்கிய உருவங்கள் அதைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல வளையமாகவும் விழுகின்றன. பகலில் தெரியாது. இருட்டில் கண்மணி விரிவதால் அதிகமாகத் தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், எதிரே வெள்ளை எல்.இ.டி. விளக்குகள், ஓரத்தில் விளக்கே இல்லாத டிரெய்லர். நல்ல கண்ணுக்கே கூசும் அந்தச் சாலையில், விளக்குக்கு விளக்கு ஒரு வளையம் சேர்ந்தால் எப்படி இருக்கும்? தண்டையார்பேட்டை நண்பரின் குடோன் மணலிப் பக்கம். தினமும் இரவு லோடு இறக்கிவிட்டு அந்த வழியாகத்தான் வீடு திரும்புகிறார். அவர் குறை லென்ஸின் குறை மட்டுமல்ல, அவர் போகும் பாதைக்கும் அந்த லென்ஸுக்கும் பொருந்தாத குறை. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போகும் மீன் வியாபாரிகளும் இதே கணக்கில் வருவார்கள்.

திருவொற்றியூர் நண்பரோ இரவு ஒன்பதுக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கடைக்கு மேலேயே உள்ள வீட்டுக்கு ஏறிவிடுகிறார். கடை முழுக்க விளக்கு. அவருக்கு வளையம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, இந்த இரண்டு வகை லென்ஸையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட மதிப்பீடும் இதையேதான் சொல்கிறது. தூரப் பார்வை இரண்டிலும் ஏறக்குறைய சமம். பலகுவிய லென்ஸ்காரர்களுக்குக் கண்ணாடி போடும் தேவை குறைவு, விளக்கைச் சுற்றிய வளையமும் கூச்சமும் அதிகம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம். வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இந்த வியாபாரத்தில் திருப்தியாகவே இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

சாம்பிள் பார்க்கும் கண்

எழுத்து அட்டை என்பது வெள்ளைப் பின்னணியில் கன்னங்கரிய எழுத்து. நம் தொழிலில் அப்படிப்பட்ட எழுத்து எங்கே இருக்கிறது? பளபளக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் மடிப்பில் வெளிறிய மையில் அடித்த காலாவதி தேதி. சாம்பல் திரையில் சாம்பல் எண் காட்டும் பழைய எலக்ட்ரானிக் தராசு. மங்கிய சூட்டுக் காகித பில். குடோன் மூலையில் சாக்கின் மேல் அச்சிட்ட மார்க்கு. பின்னணியிலிருந்து பொருளைப் பிரித்துக் காட்டும் திறனே இங்கே வேண்டும். பலகுவிய லென்ஸில் சற்றுக் குறைவது இந்தத் திறன்தான், அதுவும் வெளிச்சம் குறைந்த இடத்தில்.

மொத்த வியாபாரத்தில் இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. துவரம் பருப்பு சாம்பிளை உள்ளங்கையில் பரப்பி, பழையது எது, புதுசு எது, பாலிஷ் போட்டது எது என்று ஒரு பார்வையில் சொல்கிறோம். அரிசியில் பழுப்பு, நொய், கறுப்பு எத்தனை என்று பார்க்கிறோம். இதில் கால் பைசா கண் தவறினால் லோடுக்கு ஆயிரக்கணக்கில் போகும். நமக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. டாக்டர் தொழிலைக் கேட்டார். சாம்பிள் பார்ப்பதைச் சொன்னோம். ஒற்றைக் குவிய லென்ஸே வைத்தார். படிக்கும் கண்ணாடி சட்டைப் பையில் இருக்கிறது. மண்டியில் சாம்பிளை எடுத்தால் கண்ணாடியும் மாட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

(ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு வேடிக்கை நடக்கும். கண்புரை உலகத்தை மஞ்சளாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். முதல் வாரத்தில் புழுங்கல் அரிசியை எல்லாம் பச்சரிசியோ என்று பார்த்தோம். அந்த வாரத்தில் கொள்முதல் செய்யாமல் இருப்பது நல்லது.)

சில்லறைக் கடைக்காரரின் கணக்கு வேறு. அவர் ஒரு நிமிடத்தில் வாடிக்கையாளர் முகம், அலமாரி, தராசு, செல்போன், சில்லறை என்று ஐந்து தூரத்துக்குக் கண்ணை மாற்றுகிறார். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது பெரிய இம்சை. வெளிச்சமான கடையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு டிரைபோகல் உண்மையிலேயே வரப்பிரசாதமாக அமையலாம். கல்லாவுக்கு மேல் ஒரு நல்ல விளக்குப் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். செலவு சில நூறு ரூபாய்தான்.

இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில வழிகள் உண்டு. தூரத்தையும் இரண்டடித் தூரத்தையும் தொடர்ச்சியாகக் காட்டும் நீட்டிய குவிய லென்ஸ் ஒன்று இருக்கிறது. தராசும் கம்ப்யூட்டரும் தெரியும், பொடி எழுத்துக்கு மட்டும் லேசான கண்ணாடி வேண்டும். வளையத் தொல்லை பொதுவாக டிரைபோகலைவிடக் குறைவு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்குமாக அளவு வைத்து, சாதாரண லென்ஸிலேயே சமாளிப்பதும் உண்டு. சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது என்பதால் முன்கூட்டியே கண்ணாடியிலோ கான்டாக்ட் லென்ஸிலோ பழகிப் பார்க்கச் சொல்வார்கள்.

கிட்டப்பார்வைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிறு வயதிலிருந்து மைனஸ் பவர் கண்ணாடி போட்டவர்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்துப் பழகியிருப்பார்கள். தூரத்துக்கு அளவெடுத்த சாதாரண லென்ஸ் வைத்தால் தூரம் பளிச்சென்று தெரியும். ஆனால் அறுபது வருடமாக வெறுங்கண்ணால் படித்த எழுத்து மறைந்துவிடும். "கண் ஆபரேஷன் செய்து கண் போச்சு" என்று வீட்டில் சண்டை போட்ட ஒரு பெரியவரை நமக்குத் தெரியும். இவர்கள் லென்ஸைக் கிட்டத்துக்கு அளவெடுத்து வைக்கும்படி கேட்கலாம்.

ரேட் கார்டைப் பார்த்து மயங்குவது

தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் டாக்டர் பரிசோதித்த பிறகு கவுன்சிலர் என்று ஒருவர் உட்கார வைத்து அட்டை ஒன்றைக் காட்டுவார். பேசிக், ஸ்டாண்டர்டு, பிரீமியம் என மூன்று பத்தி. சாதாரண லென்ஸுக்கும் பிரீமியத்துக்கும் ஒரு கண்ணுக்கே பல பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் வரும். வெளிநாட்டு டிரைபோகல் என்றால் லட்சத்தைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. நாம் அரிசி வியாபாரிகள். பொன்னியில் விலை கூடினால் ரகம் கூடும் என்று பழகியவர்கள். அதே பழக்கத்தில் அட்டையின் கடைசிப் பத்தியில் விரல் வைத்துவிடுகிறோம், வீட்டில் பிள்ளைகளும் "அப்பாவுக்கு உசத்தியானதே வையுங்க" என்பார்கள். லென்ஸில் விலை கூடினால் ரகம் கூடுவதில்லை, வேலைதான் மாறுகிறது. நம் உறவினர் ஒருவருக்கு ஒரு மருத்துவமனையில் இரவில் வளையம் தெரியும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இரண்டு கண்ணிலும் வைத்து அனுப்பினார்கள். கேட்டபோது "பழகிவிடும்" என்றார்கள். மூளை பழகிக்கொள்வது உண்மைதான், மூன்று மாதம் முதல் ஆறு மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். ஆனால் அதைச் சரக்கு இறக்கிய பிறகு சொல்லக் கூடாது, ஆர்டர் எடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

அரசு மருத்துவமனையில் வைப்பது மட்ட லென்ஸ் என்ற எண்ணமும் இதே மயக்கத்தில் வருவதுதான். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்பீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழமையான கண் மருத்துவமனை என்று சொல்லப்படுவது. 1884 முதல் எழும்பூரில் இருக்கிறது. நம் பக்கத்தில் ஸ்டான்லியிலும் கண் பிரிவு உண்டு. அங்கே செலவில்லாமல் வைக்கும் ஒற்றைக் குவிய லென்ஸ் தூரப் பார்வையின் தெளிவில் எந்த பிரீமியத்துக்கும் தாழ்ந்ததல்ல. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர்க்காரர் சென்ட்ரலில் ஒரு வண்டி மாறினால் எழும்பூர். கூட்டமும் காத்திருப்பும் இருக்கும், அது தனி விஷயம்.

பலகுவிய லென்ஸ் கூடவே கூடாத கண்கள் உண்டு. சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்கள், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்கள், கண் நீர் அழுத்த நோய் முற்றியவர்கள், கருவிழியில் தழும்பு உள்ளவர்கள் இதில் அடங்குவர். ஏற்கெனவே குறைந்த முதலை மூன்றாகப் பிரித்தால் எதுவும் தேறாது. கல்லாவில் உட்கார்ந்தே சர்க்கரையைச் சம்பாதித்த நம்மவர்கள் விழித்திரை ஸ்கேன் எடுக்காமல் லென்ஸ் பேச்சையே எடுக்க வேண்டாம்.

வறண்ட கண்ணும் நம் வட்டாரத்தில் சாதாரணம். லாரிப் புழுதி, மண்டியில் மிளகாய் நெடி, நாள் முழுக்கத் தலைக்கு மேல் பேன். கண்ணின் மேல் ஈரப்படலம் சரியில்லை என்றால் லென்ஸ் பவர் அளவே தப்பாக வரும், பிறகு பார்வையும் ஏற்ற இறக்கமாக இருக்கும். சொட்டு மருந்து போட்டுச் சில வாரம் சரிசெய்து கொண்டு அளவெடுப்பதே முறை. சாதாரண லென்ஸ் அரை பவர் தவறினால் பொறுத்துக்கொள்ளும். பலகுவிய லென்ஸ் பொறுக்காது. பிரீமியம் வைத்தும் மங்கல் என்று வருபவர்கள் பலரிடம் இந்த மிச்ச பவரும் வறட்சியும்தான் காரணமாக இருக்கின்றன. இரண்டும் சரிசெய்யக்கூடியவை.

மாதங்கள், வருடங்கள் கழித்து லென்ஸுக்குப் பின்னால் ஒரு மெல்லிய படலம் வளர்ந்து மங்குவதும் உண்டு. லேசரால் சில நிமிடங்களில் திறந்துவிடுவார்கள். ஆனால் ஆரம்ப நாளிலிருந்தே லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்பவர் அவசரப்பட்டு லேசர் செய்துகொள்ளக் கூடாது. படலத்தைத் திறந்த பிறகு லென்ஸை மாற்றுவது மிகவும் கடினம். முதல் கண்ணில் வைத்துச் சில வாரம் பார்த்துவிட்டு இரண்டாவது கண்ணுக்கு முடிவு செய்வதும் நல்ல யோசனை. ஒரு லோடு வாங்கி விற்றுப் பார்த்துவிட்டு அடுத்த லோடுக்குச் சொல்வதில்லையா?

இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் பாலிசியின் பொடி எழுத்தைக் கண் தெரியும்போதே படித்துவிட வேண்டும். 2020இல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி கொண்டுவந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்புத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. பாலிசி எடுத்து 24 மாதம் ஆகியிருக்கவும் வேண்டும். மற்ற பாலிசிகள் பலவற்றிலும் இப்படி வரம்பு உண்டு. பலகுவிய லென்ஸின் கூடுதல் விலையைத் தர மறுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. லென்ஸ் பெயர், அதன் விலை, ஆபரேஷன் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்கி, கம்பெனியிடம் முன்அனுமதி கேட்ட பிறகு நாள் குறிக்கலாம்.

ஆபரேஷன் ஆனபின் சில வாரங்களுக்கு மூட்டை தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, மிளகாய் மண்டிப் பக்கமே போகக் கூடாது. ஆடி மாதம் போல வியாபாரம் மந்தமான நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வது வசதி. வீட்டுக்கு அனுப்பும்போது லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை ஒன்று தருவார்கள். தரவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். பின்னாளில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். கடை லைசென்ஸ் இருக்கும் பைலிலேயே போட்டு வைத்தால் தேட வேண்டியதில்லை.